கொரியப் பெயர்ப் பட்டியல் கைக்கு வந்தால்: ஹங்குல் எழுத்தை உடைக்காமல் கையாள ஒரு வழிகாட்டி

இரண்டு பட்டியல்கள். இரண்டிலும் அதே கொரிய ஊழியர்களின் பெயர்கள். திரையில் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு கோடுகூட வித்தியாசமில்லை. ஆனால் பெயரை வைத்து இரண்டையும் இணைக்கச் சொன்னால், பொருந்துவது ஒன்றுமே இல்லை என்கிறது நிரல். மூன்று நாள் அந்த நிரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் எண்களைப் பார்த்தேன். ‘கிம்’ என்ற குடும்பப் பெயர் ஒரு பட்டியலில் ஒரே எழுத்தாக இருந்தது. மற்றதில் மூன்று எழுத்துகளாக இருந்தது.

எனக்குக் கொரிய மொழி தெரியாது. இந்த வேலைக்கு அது தேவையுமில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல், கிடங்குக் கணக்கு என்று மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். உங்கள் மேசைக்கும் இப்படி ஒரு கோப்பு வரும்போது அந்த மூன்று நாளை நீங்களும் தொலைக்க வேண்டாம்.

ஒரு குறிப்பு: எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுத் தரமான யூனிகோட் அட்டவணைகளில் எண்கள் பதினறும முறையில் இருக்கும். இங்கே எல்லாவற்றையும் சாதாரணப் பதின்ம எண்களிலேயே கொடுத்திருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியின் ‘ஆர்ட்’ (ord) சார்பும் இந்த எண்ணைத்தான் தரும்.

1. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

வேலையைத் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியவை:

- அவர்களுடைய கணினியிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பு. எக்ஸெல்லில் திறந்து மறுபடி சேமித்தது வேண்டாம். திரைப்பிடிப்பு எதற்கும் உதவாது.
- அது எந்த மென்பொருளிலிருந்து வந்தது, அந்தக் கணினி விண்டோஸா மேக்கா.
- பெயர், முகவரிப் புலங்களின் நீளம். அது பைட்டிலா எழுத்திலா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.
- பெயர்கள் சீன எழுத்திலும் இருக்கின்றனவா.
- இந்தத் தரவு கடைசியில் எங்கே போகிறது: குறுஞ்செய்தியா, அடையாள அட்டை அச்சா, பழைய டேட்டாபேஸா.

கோப்பை ஜிப்பில் அனுப்பினால் உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்கள் நம் கணினியில் கந்தலாகத் தெரியலாம். கொரிய விண்டோஸில் கட்டிய ஜிப் பலநேரம் பெயர்களைப் பழைய கொரியக் குறியேற்றத்தில் (எழுத்தைப் பைட்டாக எழுதும் முறை) வைத்திருக்கும். பெயர் கெட்டிருந்தாலும் உள்ளடக்கம் கெட்டிருக்காது, பயப்பட வேண்டாம்.

வாங்கியதும் அந்தக் கோப்பின் ஒரு நகலைப் படிக்க மட்டும் என்று பூட்டி ஓரமாக வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஒருமுறை மூலத்தின் மேலேயே சேமித்துவிட்டு, மறுபடி ஒரு பிரதி கேட்டு எழுதிய மின்னஞ்சல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2. ஒரே எழுத்தின் மூன்று வேடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொரிய எழுத்து முறைக்கு ஹங்குல் என்று பெயர். ஒலிக்குறிகளை வரிசையாக எழுதாமல் ஒரு சதுரத்துக்குள் அடுக்குவார்கள். முதலில் ஒரு மெய், அடுத்து ஓர் உயிர், தேவையென்றால் அடியில் இன்னொரு மெய். அடியில் உட்காரும் மெய்க்குப் பாட்சிம் என்று பெயர். நம்முடைய ‘கி’, ‘ம்’ இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் எப்படியோ அப்படி. தனித்தனி ஒலிக்குறியை ஜாமோ என்பார்கள்.

‘கிம்’ என்ற அந்தச் சதுரம் யூனிகோட்டில் மூன்று வகையாக வரலாம்.

முதல் வகை, முழு எழுத்து. 44608 என்ற ஒரே எண். கொரிய விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும்.

இரண்டாம் வகை, இணையும் ஜாமோ. 4352, 4469, 4535 என்று மூன்று எண்கள். நல்ல எழுத்துரு இருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரே சதுரமாகத் தெரியும். கண்ணை ஏமாற்றுவது இந்த வகைதான். மேக்கிலிருந்து வரும் கோப்புப் பெயர்களில் இது சகஜம். அதை விண்டோஸில் பார்த்தால் சில இடங்களில் ஜாமோ பிரிந்து பிரிந்து நிற்கும்.

மூன்றாம் வகை, தனி ஜாமோ. 12593, 12643, 12609. பழைய கொரியத் தரத்தோடு ஒத்துப்போவதற்காக வைத்தவை. இவை தாமாக ஒருபோதும் சேராது. அகரவரிசைப் பொத்தான்களிலும், அரட்டையில் சிரிப்புக்காகக் ‘க்க்க்’ என்று தட்டும் இடத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

இரண்டாம் வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் வரும் ம-வுக்கு எண் 4358. அடியில் வரும் ம்-முக்கு 4535. இடம் மாறினால் எண்ணும் மாறும். மூன்றாம் வகையில் எங்கே வந்தாலும் 12609தான். இந்த வித்தியாசம் 5ஆம் படியில் நம் காலை வாரும்.

தமிழ் யூனிகோடில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘கொ’வைக் க-வோடு ஒரே குறியாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடினால் கிடைக்காது. அதே வியாதிதான், கொரியத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் வரும்.

3. பைட்டைப் பார்த்துக் குறியேற்றத்தைக் கண்டுபிடியுங்கள்

மின்னஞ்சலில் ‘யூடிஎஃப்-8’ (யூனிகோட் எண்களைப் பைட்டாக எழுதும் ஒரு குறியேற்றம்) என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஏதாவது ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளைப் பதினறும எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, தெரிந்த ஒரு பெயரின் பைட்டுகளைப் பாருங்கள். ‘கிம்’ பட்டியலில் நிச்சயம் இருக்கும்.

- 234, 185, 128 என்று மூன்று பைட்: யூடிஎஃப்-8, முழு எழுத்து. யூடிஎஃப்-8இல் எந்த முழு ஹங்குல் எழுத்தும் 234 முதல் 237 வரையிலான பைட்டில்தான் தொடங்கும்.
- 225இல் தொடங்கும் மும்மூன்று பைட்டாக, மொத்தம் ஒன்பது: யூடிஎஃப்-8தான், ஆனால் இணையும் ஜாமோ.
- 177, 232 என்று இரண்டே பைட்: பழைய கொரியக் குறியேற்றம். ஈயூசி-கேஆர் அல்லது சிபி949.
- கோப்பின் தொடக்கத்திலேயே 239, 187, 191: யூடிஎஃப்-8 என்று சொல்லும் பாம் குறி.

ஏற்கெனவே கந்தலாகத் தெரிகிறதென்றால் கந்தலின் தோற்றமே நோயைச் சொல்லிவிடும். தலையில் தொப்பியும் கோடும் வைத்த ஆங்கில ஈ, ஐ எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 கோப்பை மேற்கத்தியக் குறியேற்றம் என்று நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். ‘கிம்’ இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல்-கழித்தல் குறியும் தலையில் கோடு போட்ட ஈ-யும் இருந்தால், அது ஈயூசி-கேஆர் கோப்பு. இரண்டையும் சரியான பெயர் சொல்லித் திறந்தால் மீட்டுவிடலாம்.

மீட்க முடியாத நிலையும் உண்டு. ஒரு சீன எழுத்தும் இரண்டு ஹங்குல் எழுத்துமாக ‘ஜொம்-ஸ்ஸோக்-யெப்’ என்ற மூவர் கூட்டணி வரிசையாக நின்றால் கதை முடிந்தது. யாரோ ஒருவர் தவறான குறியேற்றத்தில் திறந்திருக்கிறார். புரியாத பைட்டெல்லாம் ‘தெரியாத எழுத்து’ என்ற குறியாக மாறி, அதுவே யூடிஎஃப்-8இல் சேமிக்கப்பட்டு, பிறகு கொரியக் குறியேற்றத்தில் மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. கேள்விக்குறிகளாக வந்திருந்தாலும் அதே நிலைதான். உள்ளே பழைய எழுத்து எதுவும் மிச்சமில்லை. சரிசெய்கிறேன் என்று உட்காராமல் மூலத்தைக் கேளுங்கள்.

4. யூடிஎஃப்-8க்கு மாற்றும்போது ‘சிபி949’ என்றே சொல்லுங்கள்

அதிகம் பேர் விழும் குழி இதுதான், நானும் விழுந்தேன்.

தற்காலக் கொரியத்துக்கு வேண்டிய மொத்த எழுத்துகள் 11172. ஈயூசி-கேஆர் நம்பியிருக்கும் கேஎஸ் எக்ஸ் 1001 என்ற தரத்தில் இருப்பவை 2350 மட்டும். அன்றாடக் கொரியத்துக்கு அது ஏறக்குறையப் போதும், அந்த ‘ஏறக்குறைய’வில்தான் ஆபத்து. விடுபட்ட 8822 எழுத்துகளையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் விரிவாக்கியது சிபி949. கொரிய விண்டோஸில் உருவான கோப்பு என்றால் அது சிபி949 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2350 எழுத்துகளுக்கு இரண்டிலும் அதே பைட்டுகள் என்பதால், பெரிய பெயராகச் சொல்வதில் நஷ்டம் எதுவுமில்லை.

சின்ன பெயராகச் சொன்னால்? ‘ட்டொம்’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட்டில் 46624. இது அந்த 2350இல் இல்லை. சிபி949இல் அதன் பைட்டுகள் 140, 99. பைத்தானில் ஈயூசி-கேஆர் என்று சொல்லி இதைப் படித்தால் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். பிழையைப் புறக்கணி என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஓடிவிடும், அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சேர்த்தேன். ஆயிரக்கணக்கான வரிகளில் நாலைந்து பெயர்கள் மட்டும் ஓர் எழுத்துக் குறைந்து போயின. யாரும் கவனிக்கவில்லை, பெயருக்குரியவர் கவனிக்கும் வரை.

உலாவியில் அதே கோப்பு சரியாகத் தெரிந்ததால் குழப்பம் இரட்டிப்பானது. காரணம், இன்றைய இணையத் தரத்தின்படி உலாவிகள் ‘ஈயூசி-கேஆர்’ என்ற பெயரைப் பார்த்தாலும் உள்ளே சிபி949 அட்டவணையைத்தான் பயன்படுத்துகின்றன. உலாவியில் தெரிகிறது என்பது அத்தாட்சி அல்ல.

இன்னொன்று. அந்த 99 என்ற பைட் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘சி’யின் எண்ணும்கூட. பைட் அளவில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் பழைய நிரல் ஏதாவது நடுவில் இருந்தால், 99ஐ 67 ஆக்கிவிடும். கொரிய எழுத்து வேறொன்றாக மாறிவிடும். முதலில் யூடிஎஃப்-8, பிறகுதான் வேறு எந்த வேலையும்.

5. என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். என்எஃப்கேசி பக்கம் போகாதீர்கள்

முழு எழுத்தும் இணையும் ஜாமோவும் கலந்திருக்கும் தரவை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இதற்குத் தயார் சார்பு உண்டு. வேண்டியது என்எஃப்சி. 4352, 4469, 4535 உள்ளே போனால் 44608 வெளியே வரும். எதிர்த்திசையில் பிரிப்பது என்எஃப்டி.

தரவு உள்ளே நுழையும் வாசலில் ஒருமுறை செய்யுங்கள். தேடும் சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். என் மூன்று நாள் பிரச்சினை இந்த ஒரு வரியில் தீர்ந்தது.

‘கே’ சேர்ந்த என்எஃப்கேசி இன்னும் ‘வலுவானது’ என்று யாராவது சொல்வார்கள். தனி ஜாமோவாக வந்த ‘கிம்’மை, அதாவது 12593, 12643, 12609ஐ, அதற்குள் போட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் சேர்ந்து ‘கி’ ஆகும். 12609 அடிமெய்யாகாமல் முதல்மெய்யான 4358 ஆகும். ‘கி’க்குப் பக்கத்தில் அநாதையாக ஒரு ம நிற்கும். அரட்டைச் சிரிப்பெல்லாம் இணையும் ஜாமோவாகி எழுத்துருவுக்கு ஏற்ப விகாரமாகத் தெரியும். தனி ஜாமோவைச் சேர்க்க வேண்டிய தேவை வந்தால், அடுத்த படியில் வரும் கணக்கை வைத்து நீங்களே சேர்ப்பதுதான் சரி.

என்எஃப்சியிலும் ஒரு முள் உண்டு. கொரியத் தரத்தில் சில சீன எழுத்துகள் உச்சரிப்புக்கு ஒன்றாக இரண்டு மூன்று இடங்களில் இருக்கின்றன. கிம் குடும்பப் பெயருக்கான சீன எழுத்துக்குப் பொன் என்று பொருள், அதைக் ‘கும்’ என்றும் படிப்பார்கள், ‘கிம்’ என்றும் படிப்பார்கள். அதனால் யூனிகோட்டில் 37329, 63754 என்று இரண்டு எண்கள். என்எஃப்சி இரண்டாவதை முதலாவதாக்கிவிடும், திரும்பி வராது. இப்படிப் பாதிக்கப்படுபவை 268. தேடலுக்கு இது நல்லதுதான். ஆனால் வந்த கோப்பைப் பைட் பிசகாமல் திருப்பி அனுப்ப வேண்டிய வேலை என்றால், சீன எழுத்துப் புலத்தைத் தொடாதீர்கள்.

6. கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள், அட்டவணை வேண்டாம்

யூனிகோட் வேலையில் என்னை உண்மையிலேயே மகிழ்வித்த பகுதி இது. 11172 எழுத்துகளும் 44032 முதல் 55203 வரை ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல்மெய் 19, உயிர் 21, அடிமெய் 27, அடிமெய் இல்லாத நிலையையும் சேர்த்தால் 28. 19 × 21 × 28 = 11172.

எல்லாவற்றையும் 0இலிருந்து எண்ணினால்:

எழுத்தின் எண் = 44032 + முதல்மெய் × 588 + உயிர் × 28 + அடிமெய்

‘கிம்’முக்கு முதல்மெய் 0, உயிர் 20, அடிமெய் 16. 44032 + 0 + 560 + 16 = 44608. ‘ஹங்குல்’ என்ற சொல்லின் முதல் எழுத்தான ‘ஹன்’னுக்கு முதல்மெய் 18, உயிர் 0, அடிமெய் 4. விடை 54620.

பிரிக்க வேண்டுமென்றால் 44032ஐக் கழித்து 588ஆல் வகுங்கள். ஈவு முதல்மெய். மீதியை 28ஆல் வகுத்தால் ஈவு உயிர், மீதி அடிமெய்.

இது வெறும் விளையாட்டு அல்ல. கொரியர்கள் தொடர்புப் பட்டியலில் பெயரைத் தேடும்போது முதல்மெய்களை மட்டும் தட்டுவார்கள். 588ஆல் வகுத்த ஈவை ஒரு தனிப் புலத்தில் வைத்துக்கொண்டால் அந்தத் தேடல் தயார். இன்னொரு பயன், வேற்றுமை உருபு. எழுவாய்க்குப் பின் வரும் உருபு, பாட்சிம் இருந்தால் ‘இ’, இல்லாவிட்டால் ‘கா’. ‘இன்னார் வந்தார்’ என்று உங்கள் நிரல் வாக்கியம் அமைக்கிறதென்றால், பெயரின் கடைசி எழுத்திலிருந்து 44032ஐக் கழித்து 28ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். 0 என்றால் ‘கா’. இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டுத் தப்பிக்கும் மென்பொருள்கள் ஏராளம், கொரியர்கள் பார்த்ததும் இயந்திர எழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள். கவனம்: ‘ரோ’ என்ற உருபுக்கு மட்டும் மீதி 8 வந்தாலும், அதாவது அடிமெய் ல் ஆனாலும், பாட்சிம் இல்லாத வடிவமேதான்.

அகரவரிசைக்கு எண் வரிசையே போதும், தென்கொரிய அகராதி வரிசையும் அதுவே. வடகொரிய வரிசை வேறு.

7. நீளத்தையும் காசையும் கணக்குப் போடுங்கள்

முழு எழுத்துக்குப் பழைய குறியேற்றத்தில் 2 பைட், யூடிஎஃப்-16இல் 2, யூடிஎஃப்-8இல் 3. பிரிந்த ஜாமோவாக வந்தால் யூடிஎஃப்-8இல் ஓர் எழுத்துக்கு 6 அல்லது 9. (நம் ‘கிம்’ நான்கு குறிகள், 12 பைட். கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது.)

30 பைட் அகலமுள்ள ஒரு புலத்தில் முன்பு 15 எழுத்து அடங்கியது. யூடிஎஃப்-8க்கு மாறியதும் 10தான் அடங்கும். ஆரக்கிளில் புல அகலத்தைச் சும்மா எண்ணாகக் கொடுத்தால், வேறு அமைப்பு மாற்றியிராவிட்டால், அது பைட் கணக்கு. எழுத்துக் கணக்கு வேண்டுமென்று சொல்லி உருவாக்க வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் எழுத்துக் கணக்குதான். அதன் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 வகையில் ஹங்குல் எல்லாம் அடங்கும், ஈமோஜி அடங்காது. கொரிய அரட்டைத் தரவில் ஈமோஜி இல்லாமல் இருக்காது, நான்கு பைட் வகையையே எடுங்கள்.

பணம் கரைவது குறுஞ்செய்தியில். கொரியாவுக்குள் ஒரு குறுஞ்செய்தி 90 பைட், அதாவது 45 ஹங்குல் எழுத்து. தாண்டினால் நீள்செய்தி என்று வேறு கட்டணத்துக்குப் போய்விடும். இங்கிருந்து பன்னாட்டு வழியில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறிகள். தாண்டினால் 67, 67 ஆக வெட்டி ஒவ்வொன்றுக்கும் காசு. பிரிந்த ஜாமோவாக அனுப்பினால் ‘கிம்’ ஒன்றே மூன்று குறிகளைத் தின்னும். அனுப்பும் முன் என்எஃப்சி செய்தால் பில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இறங்கவும் கூடும். கொரிய உள்நாட்டு வாசலில் சிக்கல் வேறு: அங்கே பழைய குறியேற்றம் கேட்டால், இணையும் ஜாமோவுக்கு அதில் இடமே இல்லை.

மற்றபடி செலவு எதுவுமில்லை. யூனிகோட் அட்டவணைகள் இலவசம், ஐகான்வ் போன்ற மாற்றிகளும் இலவசம்.

8. இவற்றை வைத்துச் சோதியுங்கள்

‘கிம்’மை மூன்று வேடத்திலும் கொடுங்கள். ‘ட்டொம்’ கொடுங்கள். சீன எழுத்துக் கிம்மை இரண்டு எண்ணிலும் கொடுங்கள். பிறகு 12644 என்ற எண்ணுள்ள எழுத்து: ஹங்குல் நிரப்பி என்று பெயர், திரையில் வெற்றிடம், ஆனால் யூனிகோட் அதை எழுத்து என்றே வகைப்படுத்துகிறது. காலியான பெயரைத் தடுக்கும் உங்கள் சோதனை இதை விட்டுவிடும்.

எழுத்துச் சரிபார்ப்பில் 44032–55203 எல்லையை மட்டும் வைத்திருந்தால் பிரிந்த ஜாமோவும் தனி ஜாமோவும் நிராகரிக்கப்படும். முதலில் என்எஃப்சி, அப்புறம் சரிபார்ப்பு என்ற வரிசையில் வையுங்கள். படிவங்களில் கொரிய விசைப்பலகையோடு என்டர் விசையையும் சோதியுங்கள். கடைசி எழுத்து இன்னும் சேர்ந்துகொண்டிருக்கும்போதே என்டர் தட்டினால், சில உலாவிகளில் செய்தி இரண்டு முறை போகும்.

முடிவைச் சிஎஸ்வியாகத் திருப்பி அனுப்பும்போது பாம் குறியோடு சேமியுங்கள். இல்லாவிட்டால் கொரிய எக்ஸெல் அதைச் சிபி949 என்று நினைத்துத் திறக்கும், ‘எல்லாம் உடைந்திருக்கிறது’ என்று பதில் வரும். நம் எக்ஸெல்லில் திறந்து பார்த்து அனுப்பினேன் என்ற சமாதானம் செல்லாது, நம் விண்டோஸ் ஊகிப்பது வேறு குறியேற்றம்.

கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்கு மாலை 6 என்றால் நமக்குப் பிற்பகல் 2:30. சோதனைக் கோப்பைச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டால் அன்றே பதில் கிடைக்கும். நிரலை ஓட்ட ஒரு மணி நேரம் ஆகாது; மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்கத்தான் நாள்கணக்கு ஆகும். கொரியப் புத்தாண்டான ‘சொல்லால்’, அறுவடைத் திருநாளான ‘சூசொக்’ ஆகிய பண்டிகை வாரங்கள் எப்போது வருகின்றன என்று அந்த ஆண்டு நாள்காட்டியில் பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள்.